உங்கள் வலது அல்ல, பேஷண்டின் வலது

மூலக்கொத்தளம், ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து மெடிக்கல் ஃபீல்டில் வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பாதைகளில் போகிறார்கள்: நர்ஸிங், எக்ஸ்ரே–சிடி டெக்னீஷியன், மெடிக்கல் கோடிங். மூன்றுக்கும் பொதுவான முதல் பாடம் அனாட்டமிக்கல் பொசிஷனும் டைரக்‌ஷன் சொற்களும். பலர் இதைப் பரீட்சைக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்துவிடுகிறார்கள். நீங்கள் அவர்களைத் தாண்ட வேண்டிய இடம் இதுதான்.

1. முதலில் எழுந்து நில்லுங்கள். முகம் நேராக, பாதங்கள் முன்னோக்கி, கைகள் உடலோடு ஒட்டித் தொங்க, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க வேண்டும். இதுதான் அனாட்டமிக்கல் பொசிஷன். பேஷண்ட் படுத்திருந்தாலும், குப்புறக் கிடந்தாலும், கையை மடக்கியிருந்தாலும், அவர் இப்படி நிற்பதாகவே வைத்துத்தான் ரிப்போர்ட் எழுதப்படும். ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடப்பவருக்கும் சுப்பீரியர் என்றால் தலைப்பக்கம், கூரைப்பக்கம் அல்ல. வலது, இடது எப்போதும் பேஷண்டுடையது.

2. சொற்களை ஜோடியாகப் படியுங்கள். தலைப்பக்கம் சுப்பீரியர், கால்பக்கம் இன்ஃபீரியர். முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். நடுக்கோட்டுக்குப் பக்கம் மீடியல், விலகியது லேட்டரல். கை, கால்களில் உடலோடு சேரும் மூட்டுக்கு அருகில் இருப்பது ப்ராக்ஸிமல், தள்ளி இருப்பது டிஸ்டல். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் மணிக்கட்டு முழங்கைக்கு டிஸ்டல்தான்.

இதில் ஆள் தடுக்கி விழும் கேள்வி ஒன்று உண்டு. கட்டைவிரல் மீடியலா, லேட்டரலா? லேட்டரல். கால் பெருவிரல்? மீடியல். உள்ளங்கை முன்னால் திரும்பியிருப்பதால் கட்டைவிரல் வெளிப்பக்கம் போய்விடுகிறது. பாதத்தில் அப்படித் திருப்பம் இல்லை. காரணத்தோடு சொன்னால் இன்டர்வியூ பேனலுக்கு நீங்கள் மனப்பாடக் கேஸ் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். அதே மாதிரி, முழங்காலுக்குக் கீழே டிபியா மீடியல், ஃபிபுலா லேட்டரல். கணுக்காலின் வெளிப்பக்கம் கைக்குத் தட்டுப்படும் மேடு ஃபிபுலாவின் நுனி.

3. கையை மட்டும் தனியாகப் படியுங்கள். மனித உடலின் 206 எலும்புகளில் ஒரு கையில் மட்டும் 27: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. நம் பகுதிக்கு இது வெறும் பாடம் இல்லை. பட்டறை, பிரஸ், ஹார்பர், கண்டெய்னர் யார்டு என்று கைக்கு அடிபடும் வேலைகள் நிறைந்த இடம் வடசென்னை. கைக்கென்றே தனித் துறையைப் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கட்டி எழுப்பியது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்தான். இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு 2018-ல் இரட்டைக் கை மாற்று ஆபரேஷன் நடந்ததும் அங்கேதான். அரசு ஆஸ்பத்திரியின் அந்தச் சாதனையை வடசென்னைக்காரர்கள் பெருமையாகச் சொல்ல வேண்டும்.

கை சர்ஜன்கள் முன்கையில் மீடியல், லேட்டரல் என்பதைவிட அல்னார் (சுண்டுவிரல் பக்கம்), ரேடியல் (கட்டைவிரல் பக்கம்) என்றே அதிகம் பேசுவார்கள். உள்ளங்கையைக் கீழே திருப்பினால் ரேடியஸ் எலும்பு அல்னாவைக் குறுக்கே கடந்துவிடும். ஆனால் கட்டைவிரல் பக்கம் எப்போதும் ரேடியல்தான். விரல்களையும் எண்ணால் சொல்லாதீர்கள். மூன்றாவது விரல் என்றால் கட்டைவிரலைச் சேர்த்தா, சேர்க்காமலா? தம்ப், இண்டெக்ஸ், மிடில், ரிங், லிட்டில் என்று பெயர் சொல்லுங்கள். நோட்ஸில் இந்த ஒரு பழக்கம் தவறான விரலில் கத்தி படாமல் காக்கும்.

4. ஒரு ஃபிராக்சரை வைத்துப் பயிற்சி எடுங்கள். வழுக்கி விழும் ஒருவர் கையை ஊன்றுகிறார். ரேடியஸின் டிஸ்டல் முனை முறிகிறது. உடைந்த துண்டு டார்சல் பக்கம், அதாவது புறங்கைப் பக்கம் நகர்ந்தால் காலிஸ் ஃபிராக்சர். உள்ளங்கைப் பக்கம் நகர்ந்தால் ஸ்மித் ஃபிராக்சர். எலும்பு ஒன்றுதான், திசை மாறினால் டாக்டர் எலும்பை இழுத்துப் பொருத்தும் விதமும் மாறும்.

கோடருக்கு இது நேரடியாக ரேட்டிங் விஷயம். நோய்களுக்கான கோடு பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் வலது காலிஸ், மூடிய முறிவு, முதல்கட்ட சிகிச்சை என்றால் எஸ்52.531ஏ. இடது என்றால் எஸ்52.532ஏ. வலது ஸ்மித் என்றால் எஸ்52.541ஏ. ஒரு இலக்கம் தவறினால் க்ளெய்ம் திரும்பி வரலாம், ஆடிட்டில் உங்கள் பெயர் விழும். ரிப்போர்ட்டில் டிஸ்டல் என்று இருப்பதைக் கோடு புக் லோயர் எண்டு என்று சொல்லும். புதியவர்கள் இங்கே திணறுவார்கள். டாக்டர் எழுதாததை நீங்கள் யூகிக்கவும் கூடாது. படத்தைப் பார்த்து நீங்களே காலிஸ் என்று முடிவு கட்டுவது கோடரின் வேலை இல்லை. சந்தேகம் என்றால் டாக்டருக்கு க்வெரி போடுங்கள்.

5. ஸ்கிரீன் முன் உட்காரும்போது தலைகீழாக யோசியுங்கள். சிடி ஆக்ஸியல் படத்தைப் பேஷண்டின் கால்பக்கமிருந்து பார்ப்பதாக வைத்திருக்கிறார்கள். அதனால் பேஷண்டின் வலப்பக்கம் உள்ள லிவர் ஸ்கிரீனின் இடப்பக்கம் தெரியும். எக்ஸ்ரே டெக்னீஷியன் ஆகப் போகிறவர் என்றால், எக்ஸ்போஷருக்கு முன்பே ஆர், எல் மார்க்கர் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடியுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவரிடம்தான் பக்கம் மாறும்.

6. தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது உங்கள் உடம்பிலேயே ஒரு எலும்பைத் தொட்டு, பக்கத்து எலும்போடு ஒப்பிட்டு ஒரு வாக்கியம். ஸ்டெர்னம் கிளாவிக்கிளுக்கு மீடியல். பட்டெல்லா ஃபீமரின் கீழ்முனைக்கு ஆன்டீரியர். ஒப்பிட இன்னொரு எலும்பு இல்லாமல் மீடியல் என்று மட்டும் சொன்னால் பாதி பதில்தான். ஃபிரெண்டோடு படிக்கிறீர்களா? தப்பு சொன்னவர் டீ வாங்கித் தரட்டும்.

மெடிக்கல் கோடர்களுக்கான சிபிசி தேர்வை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 கேள்வி, 4 மணி நேரம்; ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. பாஸ் ஆக 70 சதவீதம் வேண்டும். கோடு புக் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ப்ராக்ஸிமல் எது, டிஸ்டல் எது என்று அங்கே உட்கார்ந்து யோசிக்கும் நேரமெல்லாம் பெரிய கேஸ் கேள்விகளிலிருந்து கழியும். தேர்வு ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே இந்தப் பாடத்தை முடித்துவிடுங்கள்.