ஒளி மணிகள்

எலவனாசூர்க்கோட்டையிலிருந்து மேற்கே கல்வராயன் மலையடிவாரம் வரை நெல்லும் கரும்பும் விளையும் நிலம் பரந்து கிடக்கின்றது. அங்குச் சித்திரைத் திங்களில் ஒரு பகற்பொழுது வயலில் நின்று உழைப்பவனுடைய மேனி வெயிலாற் கருக்கின்றது. அவனே இரவு முழுவதும் வெல்லம் காய்ச்சும் கொப்பரை அடுப்பின் முன் அமர்ந்து வெம்மையால் வாடினும், அவ்வாறு கருப்பதில்லை. அடுப்பின் வெம்மை வெயிலின் வெம்மைக்குக் குறைந்ததன்று. எனின், இவ்வேறுபாடு எதனால் விளைந்தது?

இதற்கு விடை காண, அறிஞர் உலகில் நெடுநாள் நிகழ்ந்த ஒரு வழக்கினை அறிதல் வேண்டும். ஒளி, குளத்து நீரலைபோல் இடையறாது பரவுவதா, அன்றி நெல்மணிபோல் தனித்தனியாக வந்து வீழ்வதா என்பதே அவ்வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலை என்னும் கொள்கையே வென்று நின்றது.

1887-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஹெர்ட்ஸ் என்பவர், புற ஊதா ஒளி படுங்கால் மின்பொறி எளிதிற் பாய்வதைக் கண்டார். அடுத்த ஆண்டில் ஹால்வாக்ஸ், எதிர்மின்னூட்டம் பெற்ற துத்தநாகத் தகடு அவ்வொளியால் தன் மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார். ஒளி பட்ட உலோகத்தினின்று எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இதுவே ஒளிமின் விளைவு.

இதில் வியப்பு யாது? ஒளி அலையாயின், அதன் செறிவு மிக மிக எலெக்ட்ரான்கள் மிகுந்த வேகத்தோடு வெளிப்படல் வேண்டும். 1902-இல் லெனார்டு கண்டதோ வேறு. செறிவு மிகும்போது எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை மிகுந்ததேயன்றி, அவற்றின் வேகம் மிகவில்லை. செந்நிற ஒளியை எத்துணை செறிவாகப் பாய்ச்சினும் துத்தநாகம் ஓர் எலெக்ட்ரானையும் ஈவதில்லை. மெல்லிய புற ஊதா ஒளி பட்டவுடனே ஈகின்றது.

1900-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், மாக்ஸ் பிளாங்க் என்னும் பேராசிரியர், வெம்மையுற்ற பொருள்கள் வெளியிடும் கதிர்வீச்சை விளக்கப் புகுந்து, ஆற்றல் சிறு சிறு அளவுகளாகவே கொடுக்கப்படுகிறது எனக் கொண்டார். அவ்வளவிற்குக் குவாண்டம் என்பது பெயர். 1905-இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்திற் பணிபுரிந்த ஐன்ஸ்டைன், அப்பொழுது அகவை இருபத்தாறே நிரம்பியவர், மேலும் ஒருபடி துணிந்தார். ஒளியே அத்தகைய மணிகளாக உள்ளது என்றார். ஒரு மணியின் ஆற்றல் ஒளியின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. நீலத்தின் மணி பெரிது, சிவப்பின் மணி சிறிது.

கூலியை ஒற்றை நாணயமாகவே பெறும் தோணிக்காரன் ஒருவனைக் கருதுக. ஒரு ரூபாய் கூலியாயின், காற்காசுகளை மூட்டையாகக் கொணரினும் அவன் தோணியை அவிழ்க்கமாட்டான். இரண்டு ரூபாய் நாணயத்தை நீட்டினால், கூலி போக மிச்சம் பயணியின் கையில் நிற்கும். உலோகம் அத்தோணிக்காரன், மிச்சமே எலெக்ட்ரானின் வேகம். வெயிலிலுள்ள புற ஊதா மணிகள் பெரியன. அவை தோலைத் தாக்கி அதன் நிறத்தை மாற்றுகின்றன. அடுப்பு வெம்மையின் மணிகளோ எண்ணிலவாயினும் சிறியன.

இவ்வெளிய விளக்கத்தை அறிஞர் உலகம் எளிதில் ஏற்கவில்லை. 1913-இல் ஐன்ஸ்டைனை அறிவியற் கழகத்திற்குப் பரிந்துரைத்த பிளாங்க் முதலியோரே, ஒளிமணிக் கொள்கையை அவருடைய பிழையெனக் கருதிப் பொறுத்தருளுமாறு எழுதினர்! மில்லிகன் என்னும் அமெரிக்கர் பல்லாண்டு உழைத்து அளந்து, 1916-இல் ஐன்ஸ்டைனின் கணக்குச் சரியென உறுதிசெய்தார். ஆயினும் ஒளிமணியை மட்டும் அவர் நம்பவில்லை. கணக்கை ஒப்பிக் கருத்தை மறுத்தது விந்தையே. 1921-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் பரிசு, இவ்விளைவின் விதியைக் கண்டமைக்காகவே சிறப்பாக ஐன்ஸ்டைனுக்கு வழங்கப்பட்டது.

இனி, இந்நாட்டார் செய்த பணி யாது? 1924-இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த சத்தியேந்திரநாத் போஸ், பிளாங்கின் விதியை மாணவர்க்கு விளக்குங்கால் அதிற் குறையொன்றைக் கண்டார். ஒளியை ஓரிடத்தில் அலையாகவும் மற்றோரிடத்தில் மணியாகவும் கொள்ளுதல் அவர்க்கு ஒவ்வவில்லை. மணியென்றே கொண்டு, எண்ணும் முறையை மாற்றினார். இரு நெல்மணிகளை இரு கலயங்களில் இடுவதாகக் கொள்க. மணிகளுக்கு அடையாளம் இருப்பின், இடும் வகை நான்கு. அடையாளம் இல்லையாயின், ‘இதில் ஒன்று, அதில் ஒன்று’ என்பது ஒரே வகையாகி, மொத்தம் மூன்றே. ஒளிமணிகளுக்குள் வேற்றுமை இல்லை. ஆதலின் மூன்றென்று எண்ணுவதே முறை. இவ்வாறு எண்ணவே பிளாங்கின் விதி தானே விளைந்தது.

அச்சிறு கட்டுரையைப் போஸ் அவ்வாண்டு ஜூன் திங்களில் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். முன்பின் அறியாத ஒருவர் அயல்நாட்டிலிருந்து எழுதியதென்று தள்ளாது, ஐன்ஸ்டைன் தாமே அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். அவ்வெண்ணுமுறைக்கு உட்பட்ட துகள்கள் இன்று போஸான்கள் எனப்படுகின்றன.

நான்காண்டுகட்குப் பின், திருச்சிராப்பள்ளியையடுத்த திருவானைக்காவிற் பிறந்த சி. வி. இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில், சிதறிய ஒளியின் மணிகளுட் சில தம் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறுகளுக்குக் கொடுத்து நிறம் மாறுவதைக் கண்டனர். 1928, பிப்ரவரி 28 அந்நாள். இராமனுக்கு 1930-இல் நோபெல் பரிசு கிட்டிற்று. போஸுக்கு அது கிட்டவில்லை. அவரோ 1948-இல் கல்கத்தாவில் வங்கீய விஞ்ஞானப் பரிஷத் என்னும் கழகத்தை நிறுவி, தம் தாய்மொழியாகிய வங்கத்தில் அறிவியல் இதழொன்றை வெளிவரச் செய்தார்.