ஜிம்னி, ஜிப்ஸிக்கு லிஃப்ட் கிட் போடப் போகிறீர்களா? 12 குறிப்புகள்

மலைப் பாதைக்கென்றே ஜிம்னி வாங்கியவர்கள், பழைய ஜிப்ஸியைப் பொத்திப் பாதுகாப்பவர்கள் எல்லோருக்கும் அடுத்து வரும் ஆசை, வண்டியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்பதுதான். அளவோடு உயர்த்தினால் பாறையிலும் மழை அரித்த குழியிலும் அடிப்பாகம் தட்டாமல் போகலாம். அளவு மீறினால் தார்ச்சாலையில் ஸ்டியரிங் நிலைகொள்ளாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

1. எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். காட்டுப் பாதை போய் வந்ததும், வண்டியைக் கழுவும் முன் அடியில் டார்ச் அடித்துக் கீறல்களைத் தேடுங்கள். பம்பர் ஓரமா, நடு வயிறா, ஆக்சிலா என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். ஐந்து கதவு ஜிம்னிக்கு முன்பக்க ஏறுகோணம் 36 டிகிரி, பின்பக்கம் 47 டிகிரி. நடு வயிற்றுக் கோணம் 24 டிகிரிதான். சக்கரங்களுக்கு இடையே 2590 மி.மீ. நீளம் இருப்பதால் மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறுதான் முதலில் உரசும். 40 மி.மீ. உயர்த்தினால் இந்தக் கோணம் சுமார் 3 டிகிரி கூடும்.

2. டிஃபரன்ஷியலை லிஃப்ட் கிட் உயர்த்தாது. இந்த இரண்டு வண்டிகளிலும் முன்னும் பின்னும் ஒரே தண்டான ஆக்சில்தான். ஸ்பிரிங்கை மாற்றினால் பாடியும் சேஸியும் மேலே போகும். ஆக்சிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்த எளிய வழி பெரிய டயர். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் சுமார் 693 மி.மீ. விட்டம். 215/75 ஆர்15 போட்டால் தரையிலிருந்து 5 மி.மீ. கூடும், 235/75 ஆர்15 போட்டால் 20 மி.மீ. கூடும். ஆனால் அந்தப் பெரிய டயரில் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 63 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இழுவையும் பிரேக்கும் சற்று மந்தமாகும்.

3. ஒன்றரை அங்குலம் பெரும்பாலோருக்குப் போதும். அதாவது சுமார் 40 மி.மீ. பாறைப் பாதையில் அடிக்கடி ஓட்டுபவர்கள் 2 அங்குலம் வரை போகலாம். அதற்கு மேல் போனால் ஆர்ம், புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டி வரும். ஜிம்னியின் அகலம் 1645 மி.மீ., உயரம் 1720 மி.மீ. கம்பெனியிலிருந்து வரும்போதே அகலத்தைவிட உயரம் அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கும்போது, கூட்டிய ஒவ்வொரு அங்குலமும் சாய்வாகத் தெரியும்.

4. ஸ்பிரிங்கைச் சுமை பார்த்து வாங்குங்கள். ஒரே உயரம் தரும் ஸ்பிரிங்கிலும் சாதாரணச் சுமைக்கு ஒன்று, கனத்த சுமைக்கு ஒன்று என வகைகள் உண்டு. கூரைக் கேரியர், வின்ச், கூடார மூட்டை எல்லாம் நிரந்தரமாக வண்டியில் இருந்தால்தான் கனத்த ஸ்பிரிங் தேவை. வெறும் வண்டிக்கு அதைப் போட்டால் நகரத்து வேகத்தடையில் முதுகு வலிக்கும், மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எடை மேடையில் உங்கள் வழக்கமான சாமான்களோடு ஒருமுறை எடை போட்டு, அந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

5. ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். உயரமான ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக் நீளம் போதாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு 'டக்' என்று இழுத்து நிற்கும். சீக்கிரம் எண்ணெய் கசியும். ஒரே கிட்டில் சேர்த்து வடிவமைத்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் வாங்குவதே நல்லது.

6. ஸ்பேசர் மட்டும் வைப்பதில் லாபம் குறைவு. ஸ்பிரிங்குக்கு மேல் ரப்பர் அல்லது அலுமினிய வளையம் வைத்து உயர்த்துவது மலிவு. வண்டி உயரும், ஆனால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடும். சீரற்ற பாதையில் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் பிடிமானம். அதை இழந்து உயரம் வாங்குவது வீண்.

7. ஜிப்ஸிக்குக் கணக்கு வேறு. அதில் நான்கு சக்கரத்துக்கும் கமான் பட்டைதான். பட்டையின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்துவது சுலபம் என்பார்கள். கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஆக்சிலும் கோணம் மாறித் திரும்பும். பழைய பட்டைகள் தளர்ந்திருந்தால் முதலில் நல்ல வளைவுள்ள புதிய செட் போடுங்கள். இழந்த உயரம் அதிலேயே திரும்பிவிடும்.

8. காஸ்டர் கோணத்தைக் கேளுங்கள். ஜிம்னியை உயர்த்தும்போது முன் ஆக்சில் சற்றே முன்னோக்கி உருண்டு காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேராகாது. நெடுஞ்சாலையில் வண்டி அலையும். இதைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் கிட்டில் உண்டா என்று கேளுங்கள். கூடவே, ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடு அதைச் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் சக்கரங்கள் மீண்டும் நடுவுக்கு வரும்.

9. பிரேக் ஹோஸைக் கண்ணால் பாருங்கள். வேலை முடிந்ததும் சேஸியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களை முழுதாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எந்த நிலையிலும் விறைத்து நிற்கக் கூடாது. விறைத்தால் நீளமான ஹோஸ் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

10. புஷ் போல்ட்டின் கடைசி முறுக்கு தரையில்தான். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நின்று, எடை முழுதும் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். அலைன்மென்ட் பார்த்து, ஸ்டியரிங்கை நேராக்கி, ஹெட்லைட் ஒளியைத் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண் கூசும். 500 கி.மீ. ஓடியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி பாருங்கள்.

11. சட்டத்தையும் இன்சூரன்ஸையும் முன்பே விசாரியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் டீலரிடமும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரன்டியும் கிளெய்மும் இதில்தான் சிக்கும்.

12. பட்ஜெட் குறைவு என்றால் செலவை வரிசைப்படுத்துங்கள். முதலில் நல்ல ஆல்-டெரெய்ன் டயர், காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர், அடிப்பாகத்துக்கு இரும்புத் தகடு. இவற்றோடு சில மாதம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் அதே இடத்தில் கீறல் விழுந்தால், லிஃப்ட் கிட் உங்களுக்குத் தேவைதான். எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் அந்தக் கீறலை வைத்தே முடிவுசெய்யலாம்.