ஜெனரேட்டரில் பளு ஏற்றும் முறை

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், காவிரிப் படுகை மாவட்டங்களில் பல்லாயிரம் மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கும் மக்கள் ஜெனரேட்டரையே நம்ப வேண்டியதாயிற்று. அத்தகைய நாட்களில் சங்கத்திலுள்ள சிறு ஜெனரேட்டர் எல்லோருக்கும் பயன்பட வேண்டுமாயின், அது தாங்கும் பளுவையும், அப்பளுவை ஏற்றும் வரிசையையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் இயந்திரத்தின் தகட்டைப் பார்த்தல் வேண்டும். அதில் 5 கே.வி.ஏ., பவர் ஃபாக்டர் 0.8 என்று பொறித்திருந்தால், அது தரக்கூடியது 4,000 வாட் என்று கொள்ளலாம். தகட்டில் உச்ச அளவு, தொடர் அளவு என இரண்டும் இருப்பின், தொடர் அளவையே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நெடுநேரம் ஓட்டும்போது அதிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு, அதாவது 3,200 வாட்டுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது நலம்.

இனி ஒரு தறிக்கூடத்தின் கணக்கைப் பார்ப்போம். 10 வாட் விளக்குகள் 20-க்கு 200 வாட். 75 வாட் மின்விசிறிகள் 4-க்கு 300 வாட். தார் சுற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 550 வாட். தண்ணீர் இறைக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் 1,100 வாட். ஆக மொத்தம் 2,150 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்தானே என்று சிலர் ஐயுறலாம். அது மோட்டார் செய்யும் வேலையின் அளவு. வேலையோடு வெப்பமாக வீணாவதையும் சேர்த்தே மோட்டார் மின்சாரம் இழுக்கிறது.

மொத்தம் 3,200-க்குள் அடங்குகிறது. ஆயினும் இந்த ஜெனரேட்டரே சில வேளை திணறி நின்றுவிடுவது ஏன்? பாரம் ஏற்றிய வண்டியை நின்ற இடத்திலிருந்து நகர்த்தும்போதுதான் மாடுகள் மிகவும் பாடுபடுகின்றன. சக்கரம் உருளத் தொடங்கிய பின் அத்துணைச் சிரமம் இல்லை. மோட்டாரும் அவ்வாறே. புறப்படும் ஒரு கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் மூன்று மடங்கும், மோட்டாரின் வகைக்கேற்ப அதற்கு மேலும் அது மின்சாரம் இழுக்கும்.

மூன்று மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், மற்றவையெல்லாம் 1,050 வாட் எடுத்து ஓடிக்கொண்டிருக்கையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டால், பளு ஒரு கணம் 4,350 வாட்டாகிவிடும், இயந்திரம் தாங்காது. அதே மோட்டாரை முதலிற் போட்டால் 3,300 வாட்டே ஆகும். அது சீராக ஓடிய பின் தார் மோட்டாரைப் போட்டால் 2,750, பிறகு விசிறிகள், கடைசியில் விளக்குகள். பளு அதுவே, வரிசை ஒன்றே மாறியது. ஆதலின் பெரிய மோட்டார் முதலில், ஒவ்வொன்றாக என்பதை விதியாகக் கொள்வோம். விவசாயிகளின் 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை இச்சிறு இயந்திரத்தில் இணைக்கவே கூடாது.

பளு மிகுந்தால் எஞ்சினின் வேகம் தணியும், வோல்டேஜ் குறையும், குறைந்த வோல்டேஜில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடேறிச் சுருள் கருகும். ஆகவே எஞ்சினைப் பளுவின்றிக் கிளப்பிச் சில நிமிஷங்கள் ஓடவிட்ட பிறகே பளு ஏற்ற வேண்டும். நிறுத்தும்போதும் பளுவை நீக்கிவிட்டே நிறுத்த வேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரே எரிபொருள் ஊற்ற வேண்டும்.

பொருள் நஷ்டத்தினும் பெரிது உயிர் நஷ்டம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஆளை அறியாமற் கொல்லும். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் தறிக்கூடத்துக்குள்ளோ திண்ணையிலோ வைத்தல் ஆகாது. கதவு, சன்னல்களுக்கு எட்டத்தில், மேலே கூரையிட்டு, நாற்புறமும் காற்றோடும் இடத்தில் வைக்க வேண்டும்.

சுவரிலுள்ள பிளக்கில் ஜெனரேட்டர் ஒயரைச் செருகிக் கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் செலுத்துவது பெருங்குற்றம். அம்மின்சாரம் வெளிக்கம்பிக்குச் சென்று, டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரக்கூடும். நமக்கு ஒளி தருவதற்காகக் கம்பத்தின்மேல் நிற்கும் தொழிலாளியின் உயிரை நாமே வாங்கியவராவோம். தகுதி பெற்ற ஒயர்மேனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தினால், மின்வாரியக் கம்பியும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்று சேரா.

ஒவ்வொரு சங்கமும் தன் கருவிகளின் வாட் கணக்கையும், போட வேண்டிய வரிசையையும் ஒரு பலகையில் எழுதி ஜெனரேட்டர் அருகே மாட்டி வைத்தல் வேண்டும். சுவிட்ச் போடும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும். அவரவர் வந்து அவரவர் சுவிட்சைப் போட்டால் எவருக்கும் வெளிச்சம் இராது. முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால் சிறு இயந்திரமும் ஊருக்கு உதவும்.