தனி போர்டா, கூட்டு போர்டா?

சீனியர் ஆபீஸில் ஐந்தாறு வருடம் வாய்தா வாங்கி, சாட்சி விசாரித்து, ஓரளவு பெயர் எடுத்த பிறகு ஒரு நாள் கோர்ட் வராந்தாவில் கட்சிக்காரர் ஒருவர் நிறுத்தி, "தனியா ஆபீஸ் போடுங்க சார், நாங்க வர்றோம்" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பி மறுநாளே போர்டு எழுதக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வருகிறோம் என்றவர்களில் பலர் சீனியரிடமே இருந்துவிடுவார்கள். அது அவர்கள் உரிமை.

எந்த மாதிரி ஆபீஸ் என்று முடிவு செய்ய என்னைப் பொறுத்தவரை ஒரு கேள்வி போதும். நீங்கள் சப் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் இருக்கிறீர்கள். அதே நேரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உங்கள் செக் கேஸைக் கூப்பிடுகிறார்கள். அங்கே எழுந்து நிற்பது யார்?

தனி ஆபீஸ் போட வேலை குறைவு. பார் கவுன்சில் பதிவும் அகில இந்திய பார் தேர்வும் முடிந்திருந்தால், நிறுவனம் என்று தனியாக எதையும் பதிய வேண்டியதில்லை. வருமான வரியும் எளிது: ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிடலாம், செலவுக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பில் சேர்க்க வேண்டாம். ஆனால் உடம்புக்கு வந்தால் ஆபீஸே படுத்துவிடும். எனக்கு மஞ்சள் காமாலை வந்த மாதத்தில் ஒரு சிவில் வழக்கு எக்ஸ்-பார்ட்டி ஆகிவிட்டது. அதை ரத்து செய்ய மனு, பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை என்று அலைந்தேன். பணத்தை விட, அந்தக் கட்சிக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதுதான் வலித்தது.

அதனால் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கூட்டுச் சேம்பர். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாடகை, குமாஸ்தா சம்பளம், பிரிண்டர், சட்ட இதழ் சந்தா ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொள்வது. ஃபீஸ் மட்டும் அவரவருக்கு. ஒருவர் சிவில், ஒருவர் கிரிமினல், ஒருவர் விபத்து இழப்பீடு என்று வேலை வேறாக இருந்தால் கட்சிக்காரரை வெளியே அனுப்பவும் வேண்டாம், உள்ளே போட்டியும் வராது. எதிர்த்தரப்புப் பெயர்களுக்குப் பொதுவாக ஒரு நோட்டு வையுங்கள். அண்ணன் உங்களிடமும் தம்பி பக்கத்து மேஜையிலும் ஒரே பாகப்பிரிவினைக்கு வந்து உட்கார்ந்தால் இருவரின் ரகசியமும் ஒரே அறையில் கிடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாடகையை மட்டும் பங்கிடுபவர்கள் வாசலில் "அசோசியேட்ஸ்" என்று ஒரே பெயரைப் போடக் கூடாது. பார்ட்னர் என்று காட்டிக்கொண்டு, அதை நம்பி ஒருவர் கடன் கொடுத்தால், பார்ட்னர் போலவே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம். அவரவர் பெயரில் தனித்தனிப் பலகையே நல்லது.

முறையான பார்ட்னர்ஷிப்புக்கு வங்கி, இன்சூரன்ஸ், கம்பெனி வேலை தொடர்ந்து வர வேண்டும். ஆளை விட ஆபீஸை நம்பி வேலை தரும் கட்சிக்காரர்கள் அவர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாத நிறுவனம் தன் ஒப்பந்த பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. ஊருக்கெல்லாம் கேஸ் நடத்துபவர் தன் பாக்கிக்குக் கோர்ட் ஏற முடியாத நிலை வேண்டாம், பதிந்துவிடுங்கள். லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி. நிறுவனக் கடனுக்குச் சொந்த வீடும் பதில் சொல்லும். வக்கீல் அல்லாதவரோடு ஃபீஸைப் பங்கிடுவதற்குப் பார் கவுன்சில் விதி இடம் தரவில்லை. பணம் போடுகிறேன் என்று வரும் மாமனாருக்கும் அதே பதில்தான்.

அந்த வீட்டைக் காப்பாற்ற 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்.எல்.பி. அமைக்கலாம். அதிலும் நீங்களே செய்த தவறுக்கு நீங்களே பொறுப்பு. மேலே சொன்ன பாதி லாப வரி வழி கிடையாது. வருடா வருடம் அறிக்கை தாக்கல் உண்டு. வரவு 40 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டும் உண்டு. தாலுகா கோர்ட் ஆபீஸுக்கு இது தேவையில்லாத சுமை.

பாரிமுனையா, சொந்த ஊரா என்பதையும் கேட்பார்கள். தம்புச் செட்டித் தெருவில் ஒரு அறை இருந்தால் ஹைகோர்ட்டுக்கு நடந்தே போகலாம். ஆனால் ரிட்டும் அப்பீலும் உங்கள் கையில் இல்லாவிட்டால் அந்த அறைக்கு வாடகை மட்டும்தான் வரும். தென் மாவட்டக்காரர்களுக்கு 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகு, சொந்த ஊரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு ஹைகோர்ட் வேலையும் பார்க்கலாம் என்றாகிவிட்டது.

விளம்பரம் செய்ய முடியாது. வெப்சைட்டில்கூட விதி அனுமதிக்கும் விவரங்கள் மட்டுமே. ஆகவே முதல் வருடம் மெதுவாகத்தான் போகும். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஜூனியர் சேர்ப்பதானால் அவர் சம்பளத்தையும் அதில் எழுதுங்கள். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீனியர் ஆபீஸில் பஸ் காசுக்கு நின்ற நாட்கள் நமக்கு மறந்திருக்காது.

எந்த வழியில் போனாலும், பிரிந்தால் கேஸ் கட்டு யாருக்கு என்று முதல் நாளே எழுதி வையுங்கள். கட்டு கட்சிக்காரருடையது, ஃபீஸ் பாக்கிக்காகக்கூட வக்கீல் அதைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நீங்கள் சீனியரை விட்டு வரும்போதும் அதே கணக்குதான்: கட்டை நீங்களாக எடுத்து வராதீர்கள். கட்சிக்காரர் சீனியரைப் பார்த்து, பாக்கியைத் தீர்த்து, புது வக்காலத்துக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கி வரட்டும்.