ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுதும் ஏன் காய்கிறது?

 

இறைநம்பிக்கையாளர்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்டு நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஓர் உறுப்பு நோயுற்றால் உடலின் மற்ற பகுதிகளும் காய்ச்சலாலும் தூக்கமின்மையாலும் அதனுடன் சேர்ந்துகொள்ளும் என்பது அதன் கருத்து. நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவித்தது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. வழக்கமாக இதை வைத்து ஒற்றுமையைப் பற்றிப் பேசுவோம். இன்று, உவமையாகச் சொல்லப்பட்ட அந்த உடலையே கொஞ்சம் பார்ப்போம்.

உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகு உயிரணு. அரபியில் இதற்குக் 'கலிய்யா' என்று பெயர். தேன்கூட்டுக்கும் அதே சொல்தான். நம் உடலில் சுமார் 30 லட்சம் கோடி உயிரணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இரத்தச் சிவப்பணுக்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள்தான்.

ஒரே வேலையைச் செய்யும் உயிரணுக்கள் ஒன்று சேர்ந்தால் அது திசு. அரபியில் 'நஸீஜ்', அதாவது நெய்த துணி. உடலில் அடிப்படையான திசுக்கள் நான்கே வகை: மேலே போர்த்தும் திசு, இணைக்கும் திசு, தசை, நரம்பு. இந்த நான்கையும் வெவ்வேறு அளவில் சேர்த்தால் ஓர் உறுப்பு உருவாகிறது. அரபியில் 'உள்வு' என்றால் உடல் உறுப்பு. ஒரு சங்கத்தின் உறுப்பினருக்கும் அதே சொல். தமிழிலும் உறுப்பு, உறுப்பினர் என்றுதானே சொல்கிறோம்? உறுப்புகள் கூடி வேலை செய்தால் அது மண்டலம்: செரிமான மண்டலம், நரம்பு மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம் என்று.

இந்த அமைப்பை அறிவதில் நம் முன்னோர்களுக்கும் பங்குண்டு. டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் பணிபுரிந்த இப்னுந் நஃபீஸ் (1213–1288) மருத்துவர்; ஷாஃபி மத்ஹபின் ஃபிக்ஹும் கற்பித்தவர். இதயத்தின் வலது, இடது அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை அவர் மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது. இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் இடப்பக்கம் வருகிறது என்று எழுதினார். ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் வசனங்களுக்குள் தேடிப் பிடிக்கும் பேச்சு எனக்கு உவப்பானதல்ல. படைப்பை உற்றுப் பார்த்து உழைத்த இவர் வழிதான் நமக்குத் தேவை.

சரி, காய்ச்சலுக்கு வருவோம். காலில் முள் குத்தி, கிருமி உள்ளே போய்விட்டது. வெள்ளணுக்கள் அங்கே கூடிப் போராடுகின்றன. அவை விடும் வேதிப்பொருட்கள் இரத்தத்தில் கலந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகின்றன. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி, அந்தச் சேதி கிடைத்ததும் வெப்பத்தின் அளவை உயர்த்தி வைக்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்குகின்றன, தூக்கம் கெடுகிறது. முள் குத்தியது பாதத்தில். எழுந்து நின்றதோ உடல் முழுதும்.

ஆனால் சேதியே போகாவிட்டால்? சர்க்கரை நோய் உள்ள சகோதரர்களே, இது உங்களுக்கு. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் நரம்புகள் பழுதாகின்றன. நீளமான நரம்புகள்தாம் முதலில் கெடும். அதனால்தான் பாதம் முதலில் மரத்துப்போகிறது. இரத்தக் குழாய்களும் பழுதாவதால் புண் ஆற நாளாகும். கண்ணும் சிறுநீரகமும் கெடுவதும் இதனால்தான். நண்பகல் வெயிலில் பள்ளிவாசல் முற்றத்தைச் செருப்பில்லாமல் கடந்து, உள்ளங்கால் கொப்பளித்தது கூடத் தெரியாமல் தொழுதுவிட்டு வீடு திரும்புபவர்கள் உண்டு. வலிக்கவில்லையே என்று பத்து நாள் விட்ட புண், விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். வலி எவ்வளவு பெரிய நிஃமத் என்பது அதை இழந்தவருக்குத்தான் தெரியும்.

ஒளூ செய்ய ஒரு நாளைக்குப் பலமுறை காலைக் கழுவுகிறீர்கள். கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டில் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ பார்க்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவிய பிறகு ஈரம் தங்காமல் துடைத்துவிடுங்கள். வெந்நீராக இருந்தால் காலை வைக்கும் முன் சூட்டை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ கொப்பளமோ வெடிப்போ தெரிந்தால், வலிக்காவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். கட்டுப் போட்டால் ஒளூ கூடாதே என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டுப் போட்ட காலுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. தொழுகை முடிந்ததும் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள், விளக்கிச் சொல்வார்.