ஒரே சக்கரம், இரண்டு புல்லாங்குழல்



ஆண்டு விழா வரவேற்புப் பாட்டுக்கு இந்த முறை புல்லாங்குழல் வாசிக்க ஆள் இல்லை. "கீபோர்டுலயே குழல் சத்தம் வருமே, நீ பாத்துக்கோடா" என்று பாட்டு சார் என்னிடம் விட்டுவிட்டார். அதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் கணக்கு வரும், ஓடிவிடாதீர்கள்!

சத்தம் வேறு, குரல் வேறு

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாதஸ்வரம் நாலு தெரு தள்ளி வரும்போது மெல்லிசாகத்தான் கேட்கும். ஆனாலும் தம் பிடித்து ஓங்கி ஊதுகிறார்கள் என்று புரிந்துவிடும். ஏன்? ஓங்கி ஊதினால் சத்தம் மட்டும் கூடுவதில்லை, மேற்சுரங்களும் கூடுகின்றன. குழலுக்கும் இதே கதைதான். அதனால், ஓங்கி ஊதிய பதிவின் வால்யூமைக் குறைத்தால் மெதுவாக ஊதிய குழல் கிடைக்காது. தூரத்தில் ஓங்கி ஊதும் குழல்தான் கிடைக்கும்!

எனவே என் மாமாவை ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டு தடவை ஊதச் சொல்லிப் பதிவு செய்தேன். ஒன்று மெதுவாக, ஒன்று ஓங்கி. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே கட்டைக்கு வைத்தேன்.

சக்கரத்தின் வேலை

கீபோர்டின் இடது ஓரத்தில் மாடுலேஷன் வீல் என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். 1983இல் வந்த மிடி முறைப்படி அது 0 முதல் 127 வரை எண்களை அனுப்பும். 0 என்றால் மெது மட்டும், 127 என்றால் ஓங்கல் மட்டும். நடுவில் ஒன்று இறங்க, இன்னொன்று ஏறும். இதற்குப் பெயர் கிராஸ்ஃபேட்.

நம் வீட்டுத் தறியிலேயே இதைப் பார்க்கலாம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டிய மயில்கழுத்துச் சேலையைக் கையில் சாய்த்துப் பாருங்கள். ஒரு நிறம் அடங்க, மற்றது எழும். மூன்றாவது சாயம் எதுவும் போடவில்லையே!

நான் செய்த தப்பு

நடுவில் இரண்டையும் பாதிப் பாதி வைத்தேன். பாதியும் பாதியும் ஒன்றுதானே? ஒத்திகையில் பாட்டு ஏறுகிற இடத்தில் குழல் பள்ளத்தில் விழுந்த மாதிரி தொய்ந்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கணக்கு சார்தான் விளக்கினார். தனித்தனியாக ஊதிய இரண்டு பதிவுகளின் அலைகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப் போகாது. ஒரு நேரம் கைகோக்கும், ஒரு நேரம் காலை வாரும். அதனால் வீச்சைக் கூட்டக் கூடாது, திறனைத்தான் கூட்ட வேண்டும். திறன் என்பது வீச்சின் வர்க்கம். ½-ன் வர்க்கம் ¼. இரண்டு ¼ சேர்ந்தால் ½ தான். பாதித் திறன் போச்சு! இது 3 டெசிபல் இறக்கம்.

அப்படியானால் எந்த இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் 1 வரும்? சைன் வர்க்கம் + காஸ் வர்க்கம் = 1. "இது எதுக்கு சார் படிக்கணும்" என்று கேட்டோமே, இதற்குத்தான்! சக்கரத்தின் 0–127ஐ 0°–90° ஆக எடுத்துக்கொண்டேன்.

0° – மெது 1, ஓங்கல் 0
30° – மெது 0.87, ஓங்கல் 0.5
45° – மெது 0.71, ஓங்கல் 0.71
60° – மெது 0.5, ஓங்கல் 0.87
90° – மெது 0, ஓங்கல் 1

பள்ளம் மறைந்தது.

இன்னொரு சிக்கல்

நடுவில் இரண்டு பேர் ஊதுவது போல் கேட்டது. ஓங்கி ஊதினால் குழலின் சுருதி கொஞ்சம் ஏறும். ஒன்று 440, மற்றது 444 என்றால் விநாடிக்கு 4 விம்மல்கள் வரும். அதனால் சாஃப்ட்வேரில் சுருதியைச் சமப்படுத்தினேன். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தையும் 45 முதல் 85 வரை சுருக்கினேன். ரொம்பச் சுருக்கினால் குரல் 'டக்'கென்று தாவும், ஜாக்கிரதை.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரே பதிவை இரண்டு நகல் எடுத்து மேலே சொன்ன அட்டவணைப்படி கலந்து பாருங்கள். இப்போது நடுவில் பள்ளத்துக்குப் பதில் மேடு வரும்! அலைகள் அச்சு அசலாக ஒத்துப்போவதால் வீச்சே நேராகக் கூடி 1.41 ஆகிவிடும். இதற்குப் பாதிப் பாதிதான் சரி. எந்த விதியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

விழாவில் பாட்டு நன்றாகவே போனது. மாமாவிடம் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "மெதுவும் நான்தான், ஓங்கினதும் நான்தான். நடுவுல ஊதறது யாருடா?" என்றார். உண்மைதான். இரண்டைக் கலந்தால் நடு மாதிரி ஒன்று வரும், நடு வராது. அடுத்த தடவை நடுத்தரமாக ஊதியதையும் மூன்றாவதாகப் பதிவு செய்யப் போகிறேன்.


— 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்