டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாரிஸ் மைனர் என்று பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுபவர்கள் பலர் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுகிறார்கள். நல்ல முடிவுதான். ஐடிலில் நிற்கும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. இரவில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும், டேஷ்போர்டில் சிவப்பு லைட் எட்டிப் பார்க்கும். ஆல்டர்னேட்டர் ஐடிலிலேயே சார்ஜ் கொடுக்கும். ஆனாலும் மாட்டிய சில மாதங்களில் “இதுவும் சரியில்லை” என்று இன்னொன்று வாங்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் குற்றம் ஆல்டர்னேட்டரில் இல்லை, ஒயரிங்கில்தான். அந்த ஒயரிங்கைக் கெடுப்பவை பட்டறைக்குப் பட்டறை கைமாறி வரும் சில நம்பிக்கைகள்.

“என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார். வண்டி அணையாவிட்டால் சார்ஜ் ஆகிறது.”

டைனமோ காலத்து வழக்கம் இது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் தயவுசெய்து யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். வோல்டேஜ் எகிறாமல் பிடித்துவைப்பது பேட்டரி. அதைத் துண்டித்தாலும் ரோட்டரின் காந்தப்புலம் அந்தக் கணமே அடங்கிவிடாது. போக இடமில்லாத கரண்டால் வோல்டேஜ் பல மடங்கு துள்ளும். உள்ளே இருக்கும் டயோடுகளும் ரெகுலேட்டரும் அந்த ஒரு துள்ளலிலேயே போய்விடலாம். சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். என்ஜின் அணைந்திருக்கையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை நின்றால் சார்ஜிங் சரி.

“ஆம்பியர் அதிகமானால் பேட்டரி வெந்துவிடும்.”

ஆல்டர்னேட்டர் ஆம்பியரைத் திணிப்பதில்லை. ரெகுலேட்டர் வோல்டேஜை ஓரளவில் நிறுத்தும். அந்த வோல்டேஜில் பேட்டரியும் லைட்டும் எவ்வளவு இழுக்கின்றனவோ அவ்வளவுதான் போகும். பயப்பட வேண்டியது ஒயரைப் பற்றி. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்சமே 22 ஆம்பியர். அதற்கேற்ற ஒயர் சுமார் 3 சதுர மில்லிமீட்டர். அதே ஒயரில் 45 ஆம்பியரை 2 மீட்டர் தூரம் அனுப்பினால் வழியிலேயே அரை வோல்ட் காணாமல் போகும். அந்த அரை வோல்ட் 20 வாட்டுக்கு மேல் சூடாக மாறி, 50 வருடப் பழைய இன்சுலேஷனை வேகவைக்கும். பேட்டரியும் முழுதாக நிறையாது; “சார்ஜ் பத்தவில்லை” என்ற பழி ஆல்டர்னேட்டர் தலையில் விழும். 8 சதுர மில்லிமீட்டர் அளவில் புது ஒயர் ஒன்றை ஆல்டர்னேட்டரிலிருந்து செல்ஃப் மோட்டார் சோலனாய்டின் பேட்டரி முனைக்கு நேராக இழுங்கள். சோலனாய்டு பக்கமாகவே ஒரு ஃபியூஸும் போடுங்கள். அந்த ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பெருங்கரண்ட் பாய்வது பேட்டரியிலிருந்துதான். ஆம்ப்ஸ் மீட்டர் உள்ள வண்டியில் இதற்குப் பிறகு அது டிஸ்சார்ஜ் பக்கம் மட்டுமே காட்டும். ஒரு வோல்ட் மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

“கட்-அவுட் பெட்டி இருக்கட்டும், கூடுதல் பாதுகாப்பு.”

பாதுகாப்பு அல்ல, இடைஞ்சல். இப்போது மாட்டும் ஆல்டர்னேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பவை டயோடுகள். எனவே கட்-அவுட்டின் இரண்டு வேலைகளுக்கும் அங்கே இடமில்லை. லூகாஸ் ஆர்பி106 பெட்டி என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏ, ஏ1 முனைகளில் இருந்த ஒயர்களை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். டி முனையில் இருந்த சார்ஜிங் லைட்டின் மெல்லிய ஒயரை, எஃப் முனையிலிருந்து டைனமோவுக்குப் போன மெல்லிய ஒயரோடு இணைத்தால் அது ஆல்டர்னேட்டரின் லைட் முனைக்கு வழியாகிவிடும். டைனமோவின் பழைய தடித்த ஒயரை இரு முனையிலும் இன்சுலேட் செய்து ஒதுக்குங்கள். அழகுக்காகப் பெட்டி அதே இடத்தில் இருக்கலாம். உள்ளே எதுவும் இணைந்திருக்கக் கூடாது.

“சார்ஜிங் லைட் வெறும் அடையாளம்தான்.”

இதை நம்பித் தவிப்பவர்களே அதிகம். சாவியைத் திருப்பியதும் அந்த பல்பு வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. 2.2 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 0.18 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ள அது போதும். பல்பு பியூஸ் போனால் பல ஆல்டர்னேட்டர்கள், ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்கும்வரை சார்ஜே கொடுக்காது. சில கடைசிவரை கொடுக்காது. அந்த இடத்தில் எல்இடி போட்டாலும் இதே கதிதான், எல்இடி இழுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். எல்இடியே வேண்டுமென்றால் அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும்.

“பிளஸ் எர்த்தோ மைனஸ் எர்த்தோ, ஆல்டர்னேட்டருக்கு எல்லாம் ஒன்றுதான்.”

இல்லவே இல்லை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பிளஸ். எம்ஜிபி 1967 வரை அப்படித்தான் வந்தது. அதில் சாதாரண ஆல்டர்னேட்டரை அப்படியே இணைத்தால் டயோடுகள் பேட்டரியை நேராக ஷார்ட் செய்துவிடும்; சாவியைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும். முதலில் வண்டியை மைனஸ் எர்த்துக்கு மாற்றுங்கள். கூடவே இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களையும் ஆம்ப்ஸ் மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். பழைய ரேடியோ இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். புது டைனமோவுக்குத் துருவம் பதிய எஃப் முனையில் ஒயரைத் தொட்டுப் பொறி பறக்கவிடும் பழக்கத்தையும் இங்கே கொண்டுவராதீர்கள்.

“எதிர்ப்பக்கம் சுற்றினால் சார்ஜ் ஆகாது” என்பதும் தவறு. எந்தப் பக்கம் சுற்றினாலும் கரண்ட் வரும். ஃபேன் இறக்கைகள் ஒரு பக்கத்துக்கென வளைந்திருந்தால் குளிர்ச்சி குறையும், அவ்வளவுதான்.

“என்ஜினே இரும்பு, எர்த் தானாகக் கிடைக்கும்.”

என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டைதான் எர்த். அது பச்சை பூத்து, பெயின்டுக்கு மேல் போல்ட் முறுக்கிக் கிடப்பதுதான் வழக்கமான காட்சி. என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸ் தூணிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உப்புத்தாள் எடுத்து இரும்பு பளபளக்கத் தேயுங்கள், பட்டையைப் புதிதாக மாற்றுங்கள். அதற்கு முன் இன்னொரு ஆல்டர்னேட்டருக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம்.